உலோக ஆவியைப் 'புகை' ஆக்காதீர்கள்

சேலம் பக்கம் கைமாறும் வெல்டிங் பாடக் குறிப்புகளில் 'மெட்டல் வேப்பர்' வரும் இடமெல்லாம் 'உலோகப் புகை' என்றே இருக்கிறது. இது தவறு. சரியான சொல் உலோக ஆவி. ஆவித்தல் என்றால் வாய்திறந்து மூச்சு விடுதல். கொட்டாவியில் இருப்பதும் அதே ஆவிதான். பாதரச ஆவி விளக்கைப் பாதரசப் புகை விளக்கு என்று யாராவது சொல்வார்களா?

புகை வேறு பொருள். ஜிங்க், அதாவது துத்தநாகம் பூசிய தகட்டை வெல்டிங் செய்தால் அந்தத் துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகும். அந்த ஆவி மின்வில்லை (வெல்டிங் ஆர்க்கை) விட்டு வெளியே வந்து, காற்றுப் பட்டு ஆக்சைடாகி, நுண்துகளாக உறையும். பட்டறைக்காரர் 'வெல்டிங் புகை' என்பது அந்த வெள்ளைத் துகளை. அவர் சொல்வது சரி, குழப்பியது மொழிபெயர்ப்பாளர்தான்.

வில்லில் எவ்வளவு உலோக ஆவி இருக்கிறது என்பதை அதன் ஒளியைக் கொண்டு அளக்கும்போதும் இந்தக் குழப்பம் வந்து நிற்கும். 'புகையை அளக்கவும்' என்று படித்தவர் லென்ஸை வில்லுக்கு மேலே எழும் படலத்தில் குவிப்பார். அங்கே தெரிவது துகளில் பட்டுச் சிதறிய ஒளி மட்டுமே. நிறமாலைக் கோடுகளை, அதாவது ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய அலைநீளங்களில் காட்டும் ஒளிக்கோடுகளைத் தருபவை வில்லுக்குள் தனித்தனியாகத் திரியும் அணுக்கள். செம்பு மின்முனை என்றால் 510.55, 515.32 நானோமீட்டர் கோடுகளை எடுக்க வேண்டும். அவற்றின் மேல்மட்ட ஆற்றல் (ஒளியை உமிழுமுன் அணுவில் இருக்கும் ஆற்றல்) முறையே 3.82, 6.19 எலக்ட்ரான் வோல்ட். வில்லின் அந்த இடத்தில் அணுக்களும் எலக்ட்ரான்களும் ஒரே வெப்பநிலையில், அதாவது வெப்பச் சமநிலையில் இருந்தால் இரண்டு கோடுகளின் ஒளிச்செறிவு விகிதம் வெப்பநிலையைச் சொல்லும். பிறகு செம்புக் கோட்டை, வில்லைச் சூழ விடும் ஆர்கான் வாயுவின் 696.54 கோட்டோடு ஒப்பிட்டால் ஆவியின் பங்கு கிடைக்கும். பளிச்சென்ற 324.75 கோட்டில் ஆசை வைக்கக் கூடாது: ஓரத்தில் இருக்கும் குளிர்ந்த செம்பாவியே அதை விழுங்கிவிடும், கணக்கில் ஆவி குறைவாக வரும். கருவி பார்வைக்கோட்டின் மொத்த ஒளியையும் சேர்த்தே வாங்குவதால், மையத்தின் அளவைப் பிரித்தெடுக்க ஏபெல் தலைகீழாக்கமும் (வில் வட்டச் சமச்சீரானது என்று கொண்டு, மொத்த ஒளியிலிருந்து உள்ளே ஒவ்வொரு தொலைவிலும் உள்ள ஒளியைப் பிரிக்கும் கணக்கு) வேண்டும்.

'உலோக வாயு' என்போரும் உண்டு. பட்டறையில் கேஸ் என்றால் ஆர்கான் போன்ற சிலிண்டர் வாயு. ஆர்கானும் உலோக ஆவியும் ஒரே வில்லில் கலந்திருக்கும்போது அதே பெயரை உலோகத்துக்கும் வைத்தால் எதை எதிலிருந்து பிரிப்பது? இதே மொழிபெயர்ப்பாளரின் கை நிறமாலையியலையும் நிறமாலைமானியையும் ஒன்றாக்கி, முறைக்கும் கருவிக்கும் ஒரே பெயர் சூட்டுகிறது.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கிடைக்கும் வெள்ளி உலோகத்தை மின்முனையாக வைத்துப் பார்ப்பவருக்கு ஒன்று: வெள்ளியின் கோடு 546.55, பழைய (எல்.இ.டி. அல்லாத) டியூப்லைட்டில் உள்ள பாதரச ஆவியின் கோடு 546.07. பிரிதிறன் குறைந்த கருவியில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். விளக்கை அணைத்துவிட்டு அளக்கவும்.