அலுமாரிக்குள் முதிரும் கூடாரம்

மாரி ஓய்ந்து மாசி வெயில் ஏறத் தொடங்கியதும், திருகோணமலையிலிருந்து மலைநாட்டுக்கு நடைப்பயணம் போகிறவர்கள் அலுமாரியின் மேல்தட்டிலிருந்து கூடாரத்தை இறக்குவார்கள். சில ஆண்டுகளுக்கு முன் நக்கிள்ஸ் மலைத்தொடருக்குப் புறப்படுவதற்கு முதல்நாள் மாலை நானும் இறக்கினேன். உறையின் கயிற்றை அவிழ்த்ததும் புளித்த வாந்தியைப் போன்ற நெடி முகத்தில் அடித்தது. ஒன்றோடொன்று ஒட்டியிருந்த மடிப்புகளைப் பிரித்து இழுத்தபோது, உட்பக்கப் பூச்சு மெல்லிய தோலாக உரிந்து விரல் நுனியில் பசையாக நின்றது. அதற்குள் நான் படுத்தது மொத்தம் ஆறு இரவுகள்தான். உழைத்துத் தேய்ந்த பொருளல்ல அது. உப்புவெளியில், அலையோசை கேட்கும் தூரத்திலுள்ள எங்கள் வீட்டில், சும்மா இருந்தே கெட்டுப்போனது.

கூடாரத் துணி நைலோன் அல்லது பொலியெஸ்டர் இழையால் நெய்யப்படுகிறது. நெசவின் இடைவெளிகளால் நீர் புகாதிருப்பதற்காக, பொலியுரேத்தேன் என்னும் பல்பகுதியம் (சிறு மூலக்கூறுகள் நீண்ட சங்கிலியாய்க் கோத்த பொருள்) உட்பக்கத்தில் படலமாகப் பூசப்படுகிறது. இப்பூச்சின் ஒரு பரவலான வகையில் மூலக்கூற்றுச் சங்கிலியைத் தாங்கி நிற்பவை எசுத்தர் பிணைப்புகள். காற்றிலுள்ள நீராவி படலத்துக்குள் ஊறி அப்பிணைப்புகளை வெட்டுகிறது. இதுவே நீர்ப்பகுப்பு. ஒவ்வொரு வெட்டிலும் அமிலக் கூறு ஒன்று தோன்றுகிறது. அந்த அமிலமே அடுத்த வெட்டுக்கு ஊக்கியாகிவிடுவதால், தொடக்கத்தில் ஆமை வேகத்தில் நடக்கும் சிதைவு பின்னர் கட்டுமீறி விரைகிறது. வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் கூடினால் இத்தகைய தாக்கங்களின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. ஆகவே நுவரெலியாவில் பல ஆண்டுகள் தாங்கும் பூச்சு, திருகோணமலையின் புழுக்கத்தில் அதிற் பாதிக் காலம் தாங்கினாலே பெரிது. சப்பாத்தின் நடு அடித்தட்டும் பலவேளைகளில் பொலியுரேத்தேன் நுரையால் ஆனது. புதிதுபோலத் தோன்றும் சப்பாத்து மலைப்பாதையில் திடீரென அடி கழன்று பொடியாய் உதிர்வதற்கும் இதே நீர்ப்பகுப்பே காரணம்.

எனவே முதற் சோதனை மூக்குக்கும் விரலுக்கும் உரியது. அதைப் பயணத்துக்கு மூன்று வாரங்களுக்கு முன்பே செய்துவிட வேண்டும் என்பேன், ஏனெனில் பசையாகிவிட்ட பூச்சை எந்த வெயிலும் மீட்டுத் தராது. சுரண்டி நீக்கி மறுபடி பூச வேண்டும், அல்லது வேறு கூடாரம் தேட வேண்டும். தையல்களுக்கு மட்டும் பசை பூசுவதானாலும் துணியின் பூச்சு எதுவென்று அறிந்தே வாங்க வேண்டும்: சிலிக்கோன் பூசிய துணியில் பொலியுரேத்தேன் பசை பிடிக்காது. சப்பாத்தின் அடித்தட்டைப் பெருவிரலால் அழுத்தி, வெடிப்பு விரிகிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை.

உப்பின் வேலை வேறு விதமானது. தூய சோடியம் குளோரைட்டு, காற்றின் சாரீரப்பதன் (காற்று கொள்ளக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு அதில் இருக்கிறது என்னும் அளவு) ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது ஈரத்தை உறிஞ்சித் தானே கரைகிறது. கடலுப்பிலோ மக்னீசியம் குளோரைட்டும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீதமே போதும். கடற்காற்று கொண்டுவந்து படியவிட்ட உப்புத்துகள் இவ்வூரில் ஏறக்குறைய எந்நேரமும் ஈரமாகவே இருப்பது இதனாற்றான். அந்த ஈரத்திலுள்ள குளோரைட்டு அயன்கள் அலுமினியக் கம்பங்களைக் காக்கும் ஒட்சைட்டுப் படலத்தை ஊடுருவிச் சிறு குழிகளைத் தோண்டுகின்றன; சிப்பை இழுத்துப் பூட்டும் ஓட்டியில் வெண்பொடி பூக்கச் செய்கின்றன. கம்பங்களையும் சிப்புகளையும் நன்னீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். கடலோரக் கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால் அது உதவாது, மழைநீர் நல்லது. பல் கௌவாத சிப்புக்குப் பெரும்பாலும் குற்றம் பல்லில் இல்லை, வாய் விரிந்துபோன ஓட்டியில்தான். சிறு குறட்டால் இருபுறமும் மெல்ல நெருக்கிவிட்டால் மீண்டும் பூட்டும்.

துணியின் நீர்தாங்கும் வலுவை நீர்த்தம்பத்தின் உயரத்தாற் குறிப்பார்கள். 3000 மில்லிமீற்றர் என்றால், 3 மீற்றர் உயர நீரின் அழுத்தம் வரை அது கசியாது. கொட்டும் மழைக்கு இது போதும், ஆனால் தரைவிரிப்புக்குப் போதுமா என்பது வேறு கணக்கு. 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் முழந்தாளிட்டு நிற்கையில், ஒவ்வொரு முழந்தாளும் 50 சதுர சென்ரிமீற்றர் பரப்பில் 30 கிலோகிராமைத் தாங்குவதாகக் கொண்டால், அங்குள்ள அழுத்தம் 6 மீற்றர் நீர்த்தம்பத்துக்குச் சமம். கூரை சொட்டாத இரவிலும் முழந்தாள் நனைவது இதனால்தான். நான் முற்றத்தில் ஈரச்சாக்கை விரித்து, அதன்மேல் தரைவிரிப்பையும் அதன்மேல் பழைய பத்திரிகைத் தாளையும் போட்டு முழந்தாளிட்டுப் பார்ப்பேன். தேய்ந்த இடம் தாளில் கரும்புள்ளியாக எழும். அந்த இடத்துக்கு அடியில் பயணத்தின்போது பொலித்தீன் தாள் ஒன்று போகும்.

நெற்றி விளக்கின் பற்றரிகளை ஒவ்வொரு பயணத்தின் பின்னும் கழற்றிவிட வேண்டும். காரம் கசிந்து முனைகளில் வெண்படிவு கட்டியிருந்தால், தேசிக்காய்ச் சாறு தொட்ட பஞ்சால் கவனமாகத் துடைத்து, ஈரத்துணியால் மறுபடி துடைத்து, உலரவிட்டால் போதும்.

எங்கள் வீட்டில் இப்போதிருக்கும் கூடாரம் அதன் இறுக்கமான உறைக்குள் இல்லை. நன்றாக உலர்த்தியபின், தளர்வாக மடித்து, பெரிய பருத்தித் தலையணை உறையொன்றில் வைத்திருக்கிறேன். வாடைக்காற்றுக் காலம் முழுவதும் மாதமொருமுறை, மழை விட்ட நாளாகப் பார்த்து, உள்ளறைக் கொடியில் விரித்து மணந்து பார்க்கிறேன்.