கவுன்டிக்குக் கலெக்டர் கிடையாது

டெக்சஸில் குடியேறிய நம்மவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "இதற்கு மேலே யாரிடம் மனு கொடுக்கலாம்?" என்பதுதான். கேள்வியில் தவறில்லை. தாசில்தார் கேட்காவிட்டால் ஆர்.டி.ஓ., அவரும் கேட்காவிட்டால் கலெக்டர் என்று படியேறிப் பழகியவர்கள் நாம். டெக்சஸில் நம் மாவட்டம் போன்ற உட்பிரிவுக்குக் கவுன்டி என்று பெயர். அப்படி 254 கவுன்டிகள் இருக்கின்றன. ஒன்றில்கூட அப்படி உச்சியில் ஒருவர் உட்கார்ந்திருக்கவில்லை.

காவல் பொறுப்பிலுள்ள ஷெரிஃப், ஆவணங்களைப் பராமரிக்கும் கவுன்டி கிளார்க், வரி வசூல் அதிகாரி, கான்ஸ்டபிள் எல்லோரும் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர்கள். ஒருவருக்கு இன்னொருவர் மேலதிகாரி அல்ல. கவுன்டி ஜட்ஜும் நான்கு கமிஷனர்களும் சேர்ந்ததுதான் கமிஷனர்ஸ் கோர்ட். பெயரில் கோர்ட் இருந்தாலும் கவுன்டியின் நிர்வாகக் குழு அது; அதற்குத் தலைமை வகிப்பவர்தான் கவுன்டி ஜட்ஜ். பட்ஜெட் அதன் கையில். ஷெரிஃபுக்கு எத்தனை பணியிடம், என்ன சம்பளம் என்று அது முடிவு செய்யலாம். யாரைக் கைது செய்ய வேண்டும், எந்தப் புகாரை விசாரிக்க வேண்டும் என்று உத்தரவிட முடியாது. ஷெரிஃப் அலுவலகத்தின் மீதான குறையைக் கமிஷனரிடம் கொண்டுபோய், "பார்க்கிறேன்" என்ற பதிலை நம்பி மாதக்கணக்கில் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கமிஷனர் பொய் சொல்லவில்லை. அவரால் பார்க்கத்தான் முடியும்.

இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். மாநில அரசியல் சாசனமோ சட்டமோ கொடுத்த அதிகாரம் மட்டுமே கவுன்டிக்கு உண்டு. நகர எல்லைக்கு வெளியே நிலம் மலிவு என்று வீடு வாங்குகிறோம். இரண்டு ஆண்டில் பக்கத்து நிலத்தில் கான்கிரீட் கலவை ஆலை வருகிறது. தெரு முழுவதும் கையெழுத்துப் போட்டுக் கமிஷனரிடம் போகிறோம். இது குடியிருப்புப் பகுதி, ஆலை கூடாது என்று தடுக்கும் மண்டல வரையறை அதிகாரம் பொதுவாக டெக்சஸ் கவுன்டிகளுக்கு இல்லை. மனைப்பிரிவு ஒப்புதல், வெள்ளச் சமவெளி விதிகள், செப்டிக் டாங்க் அனுமதி என்று அதன் எல்லை சுருங்கியது. ஆலைக்கான காற்று மாசு அனுமதி மாநிலச் சுற்றுச்சூழல் ஆணையத்திடம் இருக்கிறது. ஆட்சேபத்தைக் காலக்கெடுவுக்குள் அங்கே பதிவு செய்ய வேண்டும். வாங்கும் முன்பே நிலம் எந்த நகரத்துக்குள் வருகிறது, அல்லது எதிலும் வரவில்லையா என்று பாருங்கள்.

பேரிடர் வந்தால் மட்டும் கவுன்டி ஜட்ஜின் கை நீளும். அவர் தனியாகவே பேரிடர் நிலையை அறிவிக்கலாம், மக்களை வெளியேறச் சொல்லி உத்தரவிடலாம். ஆனால் அந்த அறிவிப்பு 7 நாட்களைத் தாண்டி நீடிக்க கமிஷனர்ஸ் கோர்ட்டின் ஒப்புதல் தேவை.

நம் குடும்பங்கள் அதிகம் பணம் இழப்பது சொத்து வரியில்தான். வீட்டின் மதிப்பை நிர்ணயிப்பது அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் என்ற தனி அமைப்பு. வரி அலுவலகம் வசூல் மட்டும் செய்கிறது. வசந்த காலத்தில் வரும் மதிப்பீட்டுக் கடிதத்தைப் பிரிக்காமல் வைத்துவிட்டு, அக்டோபரில் பில் வந்ததும் வரி அலுவலகத்தில் "மதிப்பு அதிகம்" என்று வாதாடிப் பயனில்லை. ஆட்சேபம் தெரிவிக்கப் பொதுவான கெடு மே 15, அல்லது கடிதம் அனுப்பப்பட்டதிலிருந்து 30 நாள், இதில் எது பிந்தியதோ அது. ஆட்சேபித்தவர்கள், விசாரணையில் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் காட்டப்போகும் ஆதாரங்களை முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். கேட்டும் விசாரணைக்கு 14 நாட்களுக்கு முன் தராத ஆதாரத்தை அந்த அமைப்பு அங்கே பயன்படுத்த முடியாது. அஸ்திவார விரிசலின் படமும் அதைச் சரிசெய்ய ஒப்பந்தக்காரர் எழுதிக் கொடுத்த மதிப்பீடும் கையில் இருந்தால், ஆட்சேபத்தை விசாரிக்கும் மறுஆய்வுக் குழு முன் அரை மணி நேரப் பேச்சைவிட அவை அதிகம் பேசும்.

பில் வரவில்லை என்பது சட்டப்படி சாக்கே அல்ல. இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. வீட்டுக்கடனை முடித்துவிடுகிறார்கள், அதுவரை எஸ்க்ரோ கணக்கிலிருந்து, அதாவது மாதத் தவணையோடு வரிக்காகச் சேர்த்து வைத்த பணத்திலிருந்து, வங்கியே வரி கட்டி வந்தது. பில் பழைய வங்கிக்கே போகிறது, இவர்களுக்குத் தெரியாது. ஜனவரி 31 கடந்ததும் 9,000 டாலர் வரியுடன் 7 சதவீதம் சேர்கிறது. ஜூலையில் அபராதமும் வட்டியுமாக 18 சதவீதமாகி, பாக்கி 10,620 டாலர். வசூல் வழக்கறிஞர் கட்டணம் 20 சதவீதம் வரை ஏறினால் 12,744. கவுன்ட்டரில் இருப்பவரிடம் கண்ணீர் விட்டு என்ன பயன்? தள்ளுபடி செய்ய அவருக்கு அதிகாரம் இல்லை. அரசுத் தரப்பின் தவறால்தான் வரி கட்டப்படவில்லை என்று காட்ட முடிந்தால், தெரிந்த 21 நாட்களுக்குள் வரியைக் கட்டிவிட்டு, அபராதத் தள்ளுபடியை அந்த வரியை விதித்த அமைப்பின் ஆட்சிக்குழுவிடம் எழுத்தில் கேட்க வேண்டும். கடன் முடிந்த வாரமே உங்கள் முகவரியைப் பதிவு செய்துவிட்டால் இந்த அலைச்சலே இல்லை.

குடியுரிமை இல்லாததால் நமக்குக் குரல் இல்லை என்று நினைக்கிறவர்கள் உண்டு. வாக்குதான் இல்லை. கமிஷனர்ஸ் கோர்ட்டின் நிகழ்ச்சி நிரலில் உள்ள எந்தப் பொருளைப் பற்றியும் பொதுமக்களில் எவரும் பேசலாம். 2019 முதல் அதைச் சட்டமே உறுதி செய்கிறது. ஆவணங்களையும் கேட்டு வாங்கலாம். கோரிக்கை எழுத்தில் இருந்தால் போதும், எதற்காக என்று அதிகாரி கேட்கக் கூடாது. தர விருப்பமில்லை என்றால் பொதுவாக 10 வேலை நாட்களுக்குள் மாநில அட்டர்னி ஜெனரலின் தீர்ப்பை அவர்தான் கேட்க வேண்டும். நம் ஊரின் தகவல் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்திப் பழகியவர்களுக்கு இது எளிதாகவே கைவரும்.

பதவியைத் தவறாகப் பயன்படுத்துகிறவரை அடுத்த தேர்தல் வரை பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டுமா? வேண்டாம். திறமையின்மை, பதவி முறைகேடு, குடிபோதை ஆகிய காரணங்களுக்காகக் கவுன்டி அதிகாரியை நீக்கக் கோரி மாவட்ட நீதிமன்றத்தில் மனு போடலாம். மனு போடுகிறவர் கவுன்டியில் ஆறு மாதம் வசித்தவராக இருக்க வேண்டும். அவர் மீது அங்கே குற்ற வழக்கு நிலுவையில் இருக்கக் கூடாது. கோபத்தில் மட்டும் போடாதீர்கள். நோட்டீஸ் அனுப்ப நீதிபதி மறுத்துவிட்டால் மனு அங்கேயே தள்ளுபடியாகும், மேல்முறையீடு கிடையாது, செலவும் மனுதாரர் தலையில் விழும். ஆவணங்களைக் கேட்டு வாங்கி, தேதிவாரியாக அடுக்கிய பிறகே வழக்கறிஞரிடம் போங்கள்.