ட்யூப் ஆம்பில் பேஸ் போதவில்லையா? உள்ளே கை வைப்பதற்கு முன்

ட்யூப் ஆம்ப், அதாவது கண்ணாடிக் குழாய் வால்வுகளால் கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி, ரிப்பேர் செய்கிறவன் என்று தெரிந்ததும் கிட்டார் வாசிப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே விஷயம்தான்: "சவுண்டு மெலிசா இருக்கு, பேஸ் வரமாட்டேங்குது. உள்ள கெபாசிட்டரை மாத்திக் கொடுத்துடுங்க." எந்தக் கெபாசிட்டர், என்ன மதிப்பு என்றுகூடச் சிலர் யூட்யூப் பார்த்து எழுதிக்கொண்டு வருவார்கள். நான் உடனே ஆம்பைத் திறப்பதில்லை. அதை எங்கே வைத்திருக்கிறீர்கள், வால்யூம் எவ்வளவில் வாசிக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, காணாமல் போவது அனேகமாக ட்யூபுக்குள் அல்ல. ஸ்பீக்கரில், பெட்டியில், அறையில். ஆகவே சத்தம் வெளியே வரும் முனையில் தேட ஆரம்பித்துப் பின்னோக்கிப் போக வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் காது. சத்தம் குறையும்போது நம் காதுக்குத் தாழ்ந்த ஸ்வரங்கள் மற்றவற்றைவிட அதிகமாக மங்கிப்போகும். பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து வெளியிட்டுவிட்டார்கள். கடையில் சத்தமாக வாசித்துப் பார்த்து மயங்கி வாங்கிய ஆம்ப், ராத்திரி பத்து மணிக்கு வால்யூம் ஒன்றில் வைத்தால் தகரம்போலக் கேட்பதற்கு இது முக்கியக் காரணம். அந்த ஆம்பில் ரிப்பேர் பார்க்க எதுவுமே இல்லை.

அடுத்தது இடம். காதுக்கு நேராக இருக்கட்டும் என்று ஆம்பை நாற்காலிமேல் தூக்கி வைத்தால் தரை தந்துகொண்டிருந்த ஆதரவு போய்விடும். இறக்கித் தரையில், சுவரை ஒட்டி வைத்துப் பாருங்கள். மூலையில் வைத்தால் இன்னும் கூடும். சின்ன அறையாக இருந்தால் கூடியது அளவுக்கு மீறி உறுமவும் செய்யும். ஒரு அடி நகர்த்துவதில் வரும் வித்தியாசம், பல நேரம் சால்டரிங் செய்து கிடைப்பதைவிட அதிகம்.

இப்போது பெட்டி. கிட்டாரின் தடித்த ஈ கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸ். அந்த ஒலி அலையின் நீளம் நாலு மீட்டருக்கு மேல். ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருக்கும் காம்போ ஆம்புகளில் பெரும்பாலானவற்றின் பின்பக்கம் திறந்தே இருக்கும். ஸ்பீக்கரின் கோன் முன்னே தள்ளும்போது பின்னே இழுக்கிறது அல்லவா, அந்த எதிர் அலை இரண்டடிப் பெட்டியைச் சுற்றி முன்னால் வந்து தாழ்ந்த ஒலியை அடித்துவிடும். உயர்ந்த ஒலிகளுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அதனால்தான் திறந்த பெட்டிக்கு அந்தக் காற்றோட்டமான தொனி. கூடவே பேஸ் பற்றாக்குறை.

இதற்கு நல்ல சாட்சி ஒரு சரித்திரக் கதை. லியோ ஃபெண்டர் 1951-ல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ் என்ற பேஸ் கிட்டாருக்குத் துணையாக 1952-ல் பேஸ்மேன் ஆம்பை விற்க ஆரம்பித்தார். ஐம்பதுகளின் கடைசியில் அது நாலு பத்து அங்குல ஸ்பீக்கரும் திறந்த முதுகுமாக மாறியிருந்தது. பேஸ் கிட்டாருக்கென்று செய்ததைச் சாதாரணக் கிட்டார்காரர்கள்தான் கொண்டாடினார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் கென் பிரானும் டட்லி கிரேவனும் கிட்டத்தட்ட அதே சர்க்யூட்டை எடுத்து ஜேடிஎம்45 செய்தார்கள். முதல் ட்யூபையும் வேறு சிலவற்றையும் மாற்றியது உண்மைதான். ஆனால் அதற்குக் கீழே அவர்கள் வைத்தது நாலு பன்னிரண்டு அங்குல செலஸ்டியன் ஸ்பீக்கர்கள் போட்ட, முதுகு மூடிய பெட்டி. அடிவயிற்றில் இடிக்கும் அந்த மார்ஷல் சத்தத்தில் பெட்டிக்குப் பெரிய பங்கு உண்டு. உங்கள் காம்போவின் ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றி, இம்பீடன்ஸ் (ஓம் மதிப்பு) பொருந்துகிற ஒரு மூடிய கேபினெட்டில் (தனி ஸ்பீக்கர் பெட்டியில்) செருகி ஐந்து நிமிடம் வாசித்துப் பாருங்கள். பாதிப் பேருக்குத் தேடல் அங்கேயே முடிந்துவிடும். ஒயரைக் கழற்றுவதும் மாற்றுவதும் ஆம்பை அணைத்த பிறகு மட்டும். ஸ்பீக்கர் இல்லாமல் ட்யூப் ஆம்பை ஓட்டினால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

இரண்டு ஸ்பீக்கர் உள்ள பெட்டியா? இன்னொரு சோதனை இருக்கிறது, செலவு ஒரு பேட்டரி. செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேபினெட்டில் யாரோ ஒரு ஸ்பீக்கரின் ஒயரைத் தலைகீழாக மாட்டியிருப்பார்கள். ஒன்று முன்னே போகும்போது மற்றது பின்னே போகும், பேஸ் முழுக்க அடிபடும். கேபினெட்டை ஆம்பிலிருந்து கழற்றிவிட்டு, ஒரு 1.5 வோல்ட் பேட்டரியை அதன் ஒயரில் ஒரு கணம் தொட்டு எடுங்கள். இரண்டு கோனும் ஒரே திசையில் அசைய வேண்டும். என் மேஜைக்கு வரும் கேபினெட்டுகளில் இந்தக் கோளாறு நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

சரி, கெபாசிட்டருக்கு வருவோம். ஒரு ட்யூபிலிருந்து அடுத்த ட்யூபுக்கு சிக்னலைக் கடத்தும் கப்ளிங் கெபாசிட்டர் பல ஆம்புகளில் 0.022 மைக்ரோஃபாரட். இதை 0.1 ஆக்கினால் பேஸ் கொட்டும் என்பது பரவலான நம்பிக்கை. கணக்குப் போட்டுப் பாருங்கள். அதன் பின்னால் 1 மெகா ஓம் இருந்தால் இப்போதே அது வெட்டுவது 7 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான். பவர் ட்யூப் பக்கம் 220 கிலோ ஓம் என்று வைத்துக்கொண்டாலும் 33 ஹெர்ட்ஸ். கிட்டாரோ 82-ல்தான் ஆரம்பிக்கிறது. இல்லாத ஸ்வரத்துக்கு வழி விட்டு என்ன பயன்? பெரிய கெபாசிட்டர் போட்டால், ஆம்ப் அளவுக்கு மீறி முடுக்கப்பட்டு ஓவர்டிரைவ் ஆகும்போது ஒவ்வொரு அடிக்குப் பிறகும் ட்யூப் மீண்டுவர நேரமெடுக்கும். சத்தம் அடைத்து, திக்கித் திக்கி வரும்.

உண்மையிலேயே பேஸை வெட்டும் இடங்களும் இருக்கின்றன. அறுபதுகளின் பிற்பகுதி மார்ஷல் லீட் ஆம்புகளில் பிரைட் சேனலின் கப்ளிங் 0.0022 மைக்ரோஃபாரட். ட்யூபின் கேத்தோடு முனையில் 2.7 கிலோ ஓமுக்குப் பக்கத்தில் 0.68 மைக்ரோஃபாரட் மட்டும். இது கவனக்குறைவல்ல, வேண்டுமென்றே செய்தது. நார்மல் சேனலில் பேஸ் அப்படியே இருக்கும். எனவே நாலு இன்புட் உள்ள மார்ஷலில் சால்டரிங் அயர்னே வேண்டாம்: ஒரு சின்னப் பேட்ச் கேபிளால் இரண்டு சேனலையும் இணைத்து, நார்மல் வால்யூமை மெதுவாக ஏற்றுங்கள். பழைய உத்திதான், இன்றைக்கும் இதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் ரிவர்ப் (எதிரொலி) உள்ள பழைய ஃபெண்டர் ட்வின் மாதிரி ஆம்பில் இதைச் செய்யாதீர்கள். அங்கே ரிவர்ப் சேனலில் ஒரு ட்யூப் கட்டம் கூடுதல் என்பதால் இரண்டு சேனலின் அலைகளும் ஒன்றுக்கொன்று தலைகீழாக, எதிரெதிர் ஃபேஸில் நிற்கும். சேர்த்தால் சத்தம் இன்னும் மெலியும்.

மார்ஷல்காரர்கள் ஏன் வெட்டினார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சிக்னல் உடைந்து கரகரக்கும் டிஸ்டார்ஷனுக்கு முன்னால் பேஸ் அதிகமானால் அது கொழகொழவென்று ஆகிவிடும். டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் சேர்த்தால் கனமாக நிற்கும். மெசா பூகி மார்க் வரிசை ஆம்புகளில் டோன் நாப்கள் சர்க்யூட்டில் முன்னாலேயே வந்துவிடும், டிஸ்டார்ஷனை உண்டாக்கும் லீட் கெயின் அதற்குப் பிறகு. அங்கே பேஸ் நாபைக் கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டு, பின்னால் இருக்கும் ஐந்து பட்டை கிராஃபிக் ஈக்வலைசரில் ஏற்றிக்கொள்வார்கள். உங்கள் ஆம்பில் எஃபெக்ட்ஸ் லூப் (ப்ரீஆம்புக்குப் பிறகு பெடலைச் செருகும் இடம்) இருந்தால், அதில் ஒரு ஈக்யூ (ஈக்வலைசர்) பெடலை வைத்து 100 ஹெர்ட்ஸைக் கொஞ்சம் தூக்கினால் அதே வேலை நடக்கும்.

ஆம்பைத் திறந்தே ஆக வேண்டிய நிலை பழைய ஆம்புகளுக்கு வரும். பவர் சப்ளையில் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் ஃபில்டர் கெபாசிட்டர்கள் காலப்போக்கில் காய்ந்துபோகும். அப்போது பேஸ் தளர்ந்து, அழுத்தி அடித்தால் குழையும். 100 ஹெர்ட்ஸ் உறுமல் கேட்கும். சில சமயம் நீங்கள் வாசித்த ஸ்வரத்தோடு சம்பந்தமில்லாத ஒரு பேய் ஸ்வரமும் சேர்ந்து ஒலிக்கும். இவற்றை மாற்றியதும் ஆம்ப் புதுசாகிவிட்டதாகச் சொல்லாதவர்களை நான் பார்த்ததில்லை. தேய்ந்த பவர் ட்யூபும் பேஸின் இறுக்கத்தைக் குறைக்கும். முன்கட்டத்தில் இருக்கும் சின்ன ப்ரீஆம்ப் ட்யூபில் பிராண்டை மாற்றி மாற்றி வாங்குவதில் மட்டும் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்தக் காசை ஸ்பீக்கருக்குச் சேர்த்து வையுங்கள்.

திறக்கும் வேலையை நீங்களே செய்யாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கெபாசிட்டர்களில் 300 முதல் 500 வோல்ட் டிசி நின்றுகொண்டிருக்கலாம். அது ஆளைக் கொல்லும். அமெரிக்காவிலிருந்து வந்த 120 வோல்ட் ஆம்பாக இருந்தால் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் கட்டாயம், எர்த் ஒயர் அதைத் தாண்டி ஆம்ப் வரை வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். எர்த் இல்லாமல் இரண்டு முள் பிளக்கோடு வரும் பழைய ஆம்புகளில், பேஸைப் பற்றிப் பேசுவதற்கு முன் மூன்று முள் பிளக் போட்டு எர்த் கொடுப்பதுதான் என் முதல் வேலை.

எல்லாம் செய்தும் போதவில்லை என்றால், ஆம்பின் அளவே அதுதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். பேஸை 6 டெசிபல் தூக்க நாலு மடங்கு பவர் வேண்டும். 15 வாட் ஆம்பை ஏற்கெனவே முழு மூச்சில் ஓட்டினால் அந்த 60 வாட்டுக்கு அது எங்கே போகும்? சின்ன அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரின் இரும்பும் தாழ்ந்த ஸ்வரத்தில்தான் முதலில் திணறும். வீட்டில் தனியாக வாசிப்பவருக்கு இது பெரிய குறையாகத் தெரியலாம். பேண்டில் வாசிப்பவர் அவ்வளவு கவலைப்பட வேண்டாம். அந்த இடம் பேஸ் கிட்டாருக்கும் கிக் டிரம்முக்கும் உரியது. மிக்ஸரில் இருப்பவர் உங்கள் மைக்கில் லோ கட் பட்டனை அழுத்தி, 80, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை எப்படியும் எடுத்துவிடுவார்.