ஆச்சியின் காது எங்கே போனது?

போன வாரம் ஒரு தம்பி என் போட்டோ கடைக்கு வந்தார். ஆச்சி தவறி பத்து நாள் ஆகிறது, பதினாறாம் நாள் காரியத்துக்குப் பெரிய படம் போட வேண்டும் என்றார். "படத்தை நானே ரெடி பண்ணிட்டேன் அண்ணாச்சி, பிரிண்ட் மட்டும் போட்டுக் கொடுங்க" என்று போனை நீட்டினார். கூட வந்த அவருடைய அம்மா போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "யாருப்பா இது?" என்றார்.

முகம் பளபளவென்று இருந்தது. நெற்றியில் ஒரு கோடு கிடையாது. காதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த ஆச்சி சின்ன வயதிலேயே காது வளர்த்துப் பாம்படம் என்ற கனமான காதணி போட்டவர். பிற்பாடு ஏதோ கஷ்டத்தில் பாம்படத்தை விற்றுவிட்டார்கள். வளர்ந்த காது மட்டும் தோளுக்குப் பக்கம் வரை வெறுமனே தொங்குமாம். மங்கலான படத்தைத் தெளிவாக்கும் ஓர் ஆப்பில் தம்பி படத்தைப் போட்டிருக்கிறார். ஆப் அதைக் காதென்றே எடுத்துக்கொள்ளவில்லை. சாதாரணக் காது ஒன்றை வரைந்து, தொங்கிய சதை இருந்த இடத்தில் ஒரு ஜிமிக்கியை மாட்டிவிட்டிருந்தது.

அசல் எங்கே என்று கேட்டேன். படம் ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிப்போய் இருந்திருக்கிறது, உரித்திருக்கிறார். பாதி முகம் கண்ணாடியிலேயே நின்றுவிட்டது. குப்பையில் போட்டாயிற்று. சரி, உரிப்பதற்கு முன்னால் போனில் எடுத்தது? "இதுதான் நல்லா வந்துடுச்சேன்னு அதை டெலீட் பண்ணிட்டேன் அண்ணாச்சி."

இந்த வருடத்தில் இப்படி வருவது இது ஏழாவது முறை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எல்லோரும் என்னிடம் சொல்லும் ஒரே வாக்கியம் இதுதான்: "மங்கலா இருந்துச்சு, ஆப்ல போட்டதும் தெளிவா வந்துடுச்சு." ஐயா, அம்மா, எதுவும் வரவில்லை. வருவதற்கு அந்தப் படத்துக்குள் எதுவும் இல்லை. பழைய குரூப் போட்டோவைப் போனில் எடுத்து, அதிலிருந்து ஒரு முகத்தை மட்டும் வெட்டினால் அகலம் 80 புள்ளி (பிக்சல்), உயரம் 80 புள்ளி தேறும். மொத்தம் 6,400 புள்ளிகள். ஆப் உங்களுக்குத் திருப்பித் தருவது 2,000-க்கு 2,000, அதாவது 40 லட்சம் புள்ளிகள். வகுத்துப் பாருங்கள். 625 புள்ளிகளுக்கு ஒன்றுதான் உங்கள் வீட்டுப் படத்தில் இருந்து வந்தது. மற்ற 624-உம் "இந்த மாதிரி இடத்தில் பொதுவாக இப்படித்தான் இருக்கும்" என்று ஊகித்துப் போட்டது. அந்த ஊகம் எங்கிருந்து வருகிறது? அதற்குக் காட்டிப் பழக்கிய லட்சக்கணக்கான வேறு முகங்களில் இருந்து. அந்தக் கூட்டத்தில் பாம்படம் போட்டுக் காது வளர்த்த முகங்கள் எத்தனை இருந்திருக்கும்?

திரும்பவும் சொல்கிறேன், ஏனென்றால் இவ்வளவு சொன்ன பிறகும் "இல்ல அண்ணாச்சி, கண்ணு இமைகூடத் தெரியுதே" என்பார்கள். இமை தெரிகிறது. அது உங்கள் ஆச்சியின் இமை இல்லை. அசலில் மொத்தக் கண்ணுமே பத்துப் புள்ளி அகலம்தான். அதற்குள் இமைமுடி இருக்க இடமே கிடையாது. மங்கலாக இருக்கும் படத்தில் ஆச்சி இருக்கிறார், மங்கலாக இருக்கிறார். தெளிவாக வந்த படத்தில் இருப்பது வேறு யாரோ.

காது மட்டுமா? கையில் பச்சை குத்தியிருந்தால் அழுக்கென்று துடைத்துவிடும். தாத்தாவின் உடைந்த பல்லை வரிசையாக்கிவிடும். எல்லாவற்றையும்விட எனக்கு வயிறு எரிவது அம்மைத் தழும்பை அழிக்கும்போதுதான். பெரியம்மை 1975-க்குப் பிறகு இந்தியாவில் யாருக்கும் வந்ததில்லை. அந்தத் தழும்போடு இனி ஒரு முகம் இந்த நாட்டில் உருவாகப் போவதில்லை. உங்கள் பூட்டன் அதில் பிழைத்து எழுந்ததால்தான் நீங்கள் இருக்கிறீர்கள். அவர் முகத்தில் இருப்பதைப் படத்தில் விழுந்த புள்ளி என்று நினைத்து அழிக்கலாமா?

படம் திருத்தும் தொழிலில் முதல் வேலையே இதுதான்: எது வயது, எது அழுக்கு என்று பிரிப்பது. பூஞ்சைக் கறை, கரையான் அரித்தது, மடிப்புக் கோடு, ஓரத்தில் வெள்ளி பூத்து மினுங்குவது, இவையெல்லாம் தாளுக்கு வந்தவை. துடைக்கலாம். சுருக்கம், மச்சம், தழும்பு எல்லாம் ஆளுக்கு வந்தவை. அதில் கை வைக்கக் கூடாது. 2002-இல் போட்டோஷாப் 7-இல் மச்சம், தழும்பு எதையும் தடம் தெரியாமல் துடைக்கும் ஹீலிங் பிரஷ் வந்தபோதே ஆளை மாற்றும் வேலை எளிதாகிவிட்டது. ஆனால் அப்போது ஒவ்வொரு புள்ளியையும் அழிப்பதா வேண்டாமா என்று ஒரு மனிதர் யோசித்துத்தான் சொடுக்கினார். சந்தேகம் வந்தால் வீட்டுக்காரரிடம் கேட்டார். நான் இன்றைக்கும் போன் போட்டுக் கேட்கிறேன்: "இடது கன்னத்துல இருக்கிறது மருவா, கறையா?"

இதற்கு நேர் எதிரான கொடுமை ஒன்றும் இருக்கிறது. கேமரா வாங்கிய தம்பிகள் கோயில் வாசலிலோ சந்தையிலோ ஒரு பெரியவரைப் படம் எடுப்பார்கள். கோடுகளையும் சுருக்கங்களையும் எடுப்பாக்கிக் காட்டும் கிளாரிட்டியை 100-க்குத் தள்ளி, கலரைக் குறைத்து, மேலே ஒரு வெடித்த சுவரின் படத்தைப் போர்த்திவிடுவார்கள். முகம் வறண்ட கண்மாய் போல ஆகிவிடும். தோல் இரும்புத் தகடு மாதிரி தெரியும், தலையைச் சுற்றி வெள்ளையாக ஒரு விளிம்பு நிற்கும். போட்டியில் பரிசுகூடக் கிடைக்கலாம். அந்தப் பெரியவரிடம் அந்தப் படத்தைக் காட்டியிருக்கிறீர்களா? ஒரு தம்பி காட்டினார். "நான் இவ்வளவு அசிங்கமாவா இருக்கேன்?" என்று அவர் கேட்டதை அந்தத் தம்பியே என்னிடம் வந்து சொன்னார். ஒரு வாரம் கேமராவைத் தொடவில்லையாம்.

எடிட் செய்யாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. எனக்கு இது சோறு போடும் தொழில், அதற்கு மேல் பிரியமும் உண்டு. செட்டிநாட்டு வீட்டுத் தேக்குக் கதவு, துருப்பிடித்த பூட்டு, பாசி படிந்த படித்துறை, இவற்றில் எவ்வளவு வேண்டுமானாலும் விளையாடுங்கள். பழைய சாமான்களில் வெளிச்சத்தையும் நிழலையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இறக்கிப் பார்ப்பது தனி சுகம். ஒரு கதவின் குமிழுக்கு மட்டும் நான் ஒரு சாயங்காலம் முழுக்கச் செலவழித்திருக்கிறேன். முகமென்றால் மட்டும் கையைக் கட்டுங்கள். உங்களுக்குப் பிடிக்கிற அளவு வரை தள்ளி, அதில் பாதியைத் திரும்பக் குறைத்துவிடுங்கள். கண்ணின் வெள்ளையில் கிளாரிட்டி படவே கூடாது. தனுஷ்கோடி தேவாலய இடிபாட்டுக்குப் பின்னால் வேறு ஊர் வானத்தை ஒட்டுபவர்கள், நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்றாவது பார்த்துவிட்டு ஒட்டுங்கள். 1964 புயலில் அத்தனை உயிர் போன இடம் அது.

கல்வெட்டு விஷயம் இன்னும் மோசம். வரலாற்றில் ஆர்வமுள்ள ஆசிரியர் ஒருவர் தேய்ந்த கல்வெட்டின் படத்தை ஆப்பில் போட்டுக் கூர்மையாக்கி அனுப்பியிருந்தார். எழுத்துகள் செதுக்கியது மாதிரி நின்றன. நானும் முதலில் அசந்துதான் போனேன். பிறகு ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தால் பாதி எந்த மொழியிலும் சேராதவை. பழைய கல்வெட்டுகளில் மெய்க்குப் புள்ளி பெரும்பாலும் இருக்காது, துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். படித்துப் பழகியவர்களே தடுமாறும் இடம். அங்கே போய் ஓர் ஆப் கோடு இழுத்தால் என்ன ஆகும்? ஒரு பொய்யான ஊர்ப்பெயர் உருவாகிவிடும், அதை நான்கு பேர் பகிர்வார்கள். அவரைச் சாயங்காலம் வெயில் சாய்ந்த பிறகு டார்ச்சோடு போகச் சொன்னேன். டார்ச்சைக் கல்லுக்கு நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில், கல்லை ஒட்டிப் பிடித்து எடுக்கச் சொன்னேன். பள்ளத்தில் நிழல் விழுந்ததும் ஆப் இல்லாமலே மூன்று வரி தெரிந்தது. அப்புறமும் தெரியாத எழுத்தைத் தெரியாததாகவே விட்டுவிடச் சொன்னேன், விட்டுவிட்டார்.

இனி, தயவுசெய்து இவற்றைச் செய்யுங்கள். கண்ணாடியில் ஒட்டிய படத்தை உரிக்காதீர்கள். ஃபிரேமோடு கொண்டுவாருங்கள், கண்ணாடிக்கு மேலேயே ஸ்கேன் செய்துகொள்ளலாம். ஈரத்துணியால் துடைக்காதீர்கள், கையால் வண்ணம் தீட்டிய பழைய ஸ்டூடியோ படம் என்றால் வண்ணமே போய்விடும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சூட்டில் பசை போட்டு ஒட்டியதைப் பிறகு யாராலும் பிரிக்க முடியாது, எத்தனை முறை சொல்வது? ஸ்கேன் செய்தால் 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி), பாஸ்போர்ட் அளவுப் படமென்றால் 1,200, தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள். போனில்தான் எடுப்பதென்றால் ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல். வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். முதல் கோப்பைத் தொடாதீர்கள், நகல் எடுத்து அதில் எதையும் செய்யுங்கள். மாற்றிய படத்தின் கோப்புப் பெயரிலேயே "மாற்றியது" என்று போட்டுவிடுங்கள். இருபது வருடம் கழித்து உங்கள் பிள்ளைகளுக்கு எது ஆச்சி, எது ஆப் என்று தெரிய வேண்டாமா? ஆப்பில் போட்டே தீருவேன் என்றால் போடுங்கள், அசலை மட்டும் அழிக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

அந்தத் தம்பியின் ஆச்சிக்கு வேறு ஒரு படம் கிடைத்தது. ஒரு கல்யாண குரூப் போட்டோ. ஓரத்தில் நிற்கிறார், முகம் சுண்டுவிரல் நகம் அளவு. அதை 1,200 டிபிஐயில் ஸ்கேன் செய்து, மங்கலை மங்கலாகவே வைத்து, கறையை மட்டும் எடுத்தேன். காதின் கீழ்ப்பகுதி முன்னால் நின்றவரின் தலையில் மறைந்திருந்தது. அந்த அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தன் தோளில் விரலை வைத்து, "இதுவரைக்கும் தொங்கும், இன்னும் கொஞ்சம் கீழ" என்று சொல்லச் சொல்ல வரைந்தேன். அந்தக் கோப்பின் பெயரிலும் "மாற்றியது" என்று போட்டேன்.

முடியும்போது இரவு 11 மணி. குரூப் போட்டோவை உறையில் போடும் முன், பின்பக்கம் பென்சிலால் யார் யார் என்று எழுதித் தரச் சொன்னேன். படத்தில் 17 பேர் இருந்தார்கள். அந்த அம்மாவுக்கு 9 பேரைத்தான் தெரிந்தது. மற்றவர்களைச் சித்தியிடம் கேட்டு எழுதுகிறேன் என்று வாங்கிப் போனார்.