எடிட்டிங், கட்டிங், படத்தொகுப்பு

சினிமா, வீடியோ எடிட்டிங் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் "எடிட்டிங்னா என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தேவையில்லாததை எல்லாம் கட் பண்ணித் தூக்கிடறதுதான்" என்பார்கள். இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். தப்பு அவர்களுடையது இல்லை, நாம் தினமும் புழங்கும் சொல் அவர்களை அங்கே கொண்டுபோய் விடுகிறது. "படத்தொகுப்பு" என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருந்தால் இந்தப் பதில் வந்திருக்காது. அந்தச் சொல்லில் வெட்டுகிற வேலையே இல்லை.

முதலில் எடிட்டிங் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். மூலம் லத்தீன். "எடெரே" என்றொரு வினைச்சொல். "எக்ஸ்" என்றால் வெளியே, "டாரே" என்றால் கொடுப்பது. ஆக, வெளியே கொடுப்பது, வெளியிடுவது. பழைய ரோமில் "எடிடோர்" என்று அழைக்கப்பட்டவருக்கும் எழுத்துக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்பதில்லை. மக்கள் பார்ப்பதற்காக வாள்வீரர் போட்டிகளை ஏற்பாடு செய்து நடத்திக் கொடுத்தவருக்கும் அதே பெயர்தான். அப்புறம் அந்தச் சொல் ஆங்கிலத்துக்குப் போய், 17-ஆம் நூற்றாண்டில் நூலை வெளியிடுகிறவரைக் குறித்தது, பிறகு அச்சுக்கு முன் அதைச் சரிபார்த்துச் செப்பம் செய்கிறவரைக் குறித்தது. "எடிட்" என்ற வினை 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் வருகிறது. எடிட்டர் முதலில் வந்துவிட்டார், அவர் செய்யும் வேலைக்குப் பெயர் பின்னால் வந்தது.

சினிமா வந்தபோது இந்தச் சொல் உடனே அதில் ஒட்டிக்கொள்ளவில்லை. 1895-இல் லூமியேர் சகோதரர்கள் காட்டிய படங்கள் ஒவ்வொன்றும் சுமார் 50 விநாடி ஓடும் ஒற்றை ஷாட், அதாவது கேமராவை நிறுத்தாமல் எடுத்த ஒரே துண்டு, அதில் தொகுக்க என்ன இருக்கிறது? ஷாட்டுகளை ஒட்டிக் கதை சொல்லத் தொடங்கிய பிறகுதான் அதற்கென ஆள் தேவைப்பட்டார், ஹாலிவுட்டில் அவருக்கு முதலில் கிடைத்த பெயர் "கட்டர்", அதாவது வெட்டுகிறவர். அந்த வேலையில் அன்றைக்குப் பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். எடிட்டர் என்ற கௌரவமான பெயர் பிறகுதான் நிலைத்தது. ஜெர்மன் மொழியில் இன்றும் இந்த வேலைக்கு "ஷ்னிட்" என்றுதான் பெயர், பொருள் வெட்டு. பிரெஞ்சுக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். அவர்கள் சொல்லும் "மோன்டாஜ்" என்பது இயந்திரத்தின் பாகங்களைப் பொருத்திப் பூட்டி நிறுத்துவதற்கான சொல்.

வெட்டு என்ற பெயர் வந்ததற்குக் காரணம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அன்றைக்கு உண்மையாகவே வெட்டினார்கள். 35 மில்லிமீட்டர் பிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம், அதாவது 16 தனித்தனிப் படங்கள். விநாடிக்கு 24 ஃபிரேம் என்றால் ஒரு நிமிடத்துக்கு 90 அடி, 1000 அடி ரீல் 11 நிமிடம் ஓடும். நாம் இன்றைக்கும் "ஃபுட்டேஜ் வந்துச்சா?" என்று கேட்கிறோமே, அந்த ஃபுட்டேஜ் இந்த அடிக்கணக்குதான். ஒற்றை ஃபிரேம் இடத்தை விரலால் பிடித்து, மெழுகுப் பென்சிலால் குறித்து, வெட்டி, டேப் போட்டு அடுத்த துண்டோடு ஒட்டுவார்கள். மிச்சத் துண்டுகளைக் கொக்கியில் மாட்டித் துணி விரித்த தொட்டிக்குள் தொங்க விடுவார்கள். மென்பொருளில் கிளிப்புகளைப் போட்டு வைக்கும் "பின்" (bin) இருக்கிறதல்லவா, அது அந்தத் தொட்டியின் பெயர்தான்.

இன்றைக்கு நாம் எதையும் வெட்டுவதில்லை. கணினியில் தொகுக்கும் மென்பொருள்களில் 1989-இல் அவிட் வந்தது, 1991-இல் பிரீமியர் வந்தது, அப்புறம் வரிசையாக எத்தனையோ. எல்லாவற்றிலும் நடப்பது ஒன்றுதான்: பிளேடு பட்டனை அழுத்தினால் கோடு விழுகிறது, ஆனால் மூலக் கோப்பு அப்படியே இருக்கிறது, ஒரு ஃபிரேம்கூடக் குறையவில்லை. "இந்தக் கோப்பில் இந்த ஃபிரேமிலிருந்து இந்த ஃபிரேம் வரை காட்டு, அடுத்து அந்தக் கோப்புக்குப் போ" என்று ஒரு பட்டியலை எழுதி வைக்கிறோம், அவ்வளவுதான். அந்தப் பட்டியலைத் தமிழில் என்னவென்று சொல்வது? தொகை. தொகுப்பு.

தொகு என்பது நம்மிடம் ரொம்பப் பழைய வினை. சிதறிக் கிடப்பதை ஓரிடத்தில் சேர்ப்பது அதன் நேர்ப்பொருள். தொகை, தொகுதி, தொகுப்பு எல்லாம் அதில் பிறந்தவை. தொல்காப்பியம் வழிநூல் (முன்பிருந்த நூலைத் தழுவி வரும் நூல்) வகைகளைச் சொல்லும்போது தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என்று நான்கைச் சொல்கிறது. தொகுத்தல் தனியாக ஒரு நூலாக்கும் வேலை என்பது அப்போதே தெளிவாக இருந்திருக்கிறது.

எட்டுத்தொகை நூல்களைக் கையில் எடுத்துப் பாருங்கள், ஒரு படத்தொகுப்பாளருக்குச் சந்தோஷமாக இருக்கும். பாடல்களைத் தொகுத்தவர் எழுதவில்லை, பல காலத்துப் பல புலவர்கள் எழுதியவை அவர் முன் குவிந்து கிடக்கின்றன. முதலில் அளவை வைத்துப் பிரிக்கிறார்கள். 4 முதல் 8 அடி வரை உள்ளவை குறுந்தொகை, 9 முதல் 12 வரை நற்றிணை, 13 முதல் 31 வரை அகநானூறு. அங்கொன்று இங்கொன்று விலகும், கணக்கு இதுதான். அடுத்தது வரிசை. அகநானூற்றில் 400 பாட்டு. ஒற்றைப்படை எண்ணில் வரும் எல்லாப் பாட்டும் பாலை, அதாவது பிரிவைப் பாடுபவை. 2, 8 என்று முடிந்தால் குறிஞ்சி, 4-இல் முடிந்தால் முல்லை, 6-இல் முடிந்தால் மருதம், 10, 20 என்று வந்தால் நெய்தல். எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் ஒரு பிரிவுப் பாட்டு, பக்கத்தில் வேறு நிலத்துப் பாட்டு, மறுபடி பிரிவு. இந்தத் தாளத்தை எந்த ஒரு புலவரும் எழுதவில்லை, தொகுப்பில் பிறந்த தாளம் அது. அதன் மூன்று பகுதிகளில் இரண்டின் பெயரைக் கேளுங்கள்: மணிமிடை பவளம், நித்திலக்கோவை. மணிகளுக்கு இடையே பவளம், கோத்த முத்து. டைம்லைனில், அதாவது மென்பொருளில் ஷாட்டுகளை வரிசையாக அடுக்கும் பட்டையில், உட்கார்ந்து வேலை செய்தவர்களுக்கு இந்தப் பெயர்களை விளக்க வேண்டியதில்லை.

தொகு என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு, எனக்கு அதுதான் இந்தச் சொல்லின் உயிர். இலக்கணத்தில் "தொக்கி நிற்கிறது" என்றால் மறைந்து நிற்கிறது என்று பொருள். பள்ளியில் படித்த தொகைநிலைத் தொடர் ஞாபகம் இருக்கும். "தேர்ப்பாகன்" என்கிறோம். தேரை ஓட்டும் பாகன் என்று புரிந்துகொள்கிறோம். "ஐ" எங்கே, "ஓட்டும்" எங்கே? சொல்லில் இல்லை, ஆனால் இருக்கிறது. இரண்டு சொற்களைச் சேர்த்து வைத்ததில் நடுவில் இருந்தது மறைந்தும் போனது, கேட்பவர் மனதில் தானாக எழுந்தும் வந்தது. ஒரே வினை சேர்ப்பதையும் மறைப்பதையும் குறிக்கிறது. ஒரு கட்டில் நடப்பதும் இதுதானே. ஒருத்தி கதவைப் பூட்டுகிறாள், அடுத்த ஷாட்டில் பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். படியிறங்கியது, நடந்தது, காத்திருந்தது, டிக்கெட் எடுத்தது எல்லாம் தொக்கி நிற்கின்றன.

நன்னூல் தொகையை ஆறு வகையாகச் சொல்கிறது. அவற்றைப் படத்தோடு பொருத்திப் பார்ப்பது என் சொந்தப் பழக்கம், இலக்கணக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். "இரவுபகல்" உம்மைத்தொகை, இரவும் பகலும் என்ற "உம்" மறைந்திருக்கிறது. இங்கே போன் அடிக்கிறது, அங்கே ஒருவர் ஓடி வருகிறார், மாற்றி மாற்றிக் காட்டுகிறோம். இதுவும் நடக்கிறது, அதுவும் நடக்கிறது என்று யாரும் சொல்லாமலே பார்ப்பவர் அந்த "உம்"மைப் போட்டுக்கொள்கிறார். "மலர்முகம்" உவமைத்தொகை, "போன்ற" மறைந்திருக்கிறது. பூவைக் காட்டிவிட்டு முகத்துக்குப் போனாலே போதும். சுமார் 100 ஆண்டுகளுக்கு முன் ரஷ்யாவில் திரைப்பட இயக்குநர் லெவ் குலெஷோவ் செய்துபார்த்தது கிட்டத்தட்ட இதைத்தான்: சலனமில்லாத ஒரே முகம், பக்கத்தில் ஒருமுறை சூப் கிண்ணம், ஒருமுறை சவப்பெட்டி, ஒருமுறை ஒரு பெண். பார்த்தவர்களுக்கு முகத்தில் பசி, துக்கம், ஆசை என்று வெவ்வேறாகத் தெரிந்ததாம். முகம் மாறவே இல்லை, பக்கத்தில் வைத்ததுதான் மாறியது. "வளர்பிறை" வினைத்தொகை, வளர்ந்த பிறை, வளர்கின்ற பிறை, வளரும் பிறை, காலம் மறைந்திருக்கிறது. ஷாட்டிலும் காலம் கிடையாது. ஒருவர் வயல் நடுவே நடந்து போகிறார். அது இப்போது நடப்பதா, பழைய நினைவா, நாளைக்கு நடக்கப் போவதா என்பதை முன்னும் பின்னும் வைக்கிற ஷாட்டுதான் முடிவு செய்கிறது. "பொற்றொடி வந்தாள்" என்றால் வளையல் மட்டுமா வருகிறது? அன்மொழித்தொகை. வாசலில் செருப்பைக் கழற்றும் கால்களை மட்டும் காட்டிவிட்டு ஆளே வந்துவிட்டதாக நம்ப வைக்கிறோமே, அது.

வெட்டு என்று நினைத்துக்கொண்டு வேலை செய்தால் என்ன ஆகும் என்பதற்கு என் கையாலேயே நடந்த ஒன்று. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் பேட்டி. இறந்துபோன தன் தம்பியைப் பற்றிக் கேட்டதும் அவர் கண்ணாடியைக் கழற்றுகிறார், மடியில் வைக்கிறார், "ம்ம்" என்கிறார், அப்புறம் பேசுகிறார். முதல் சுற்றில் அந்தச் சும்மா இருந்த நேரத்தை எடுத்துவிட்டேன், ஒலியின் அலைவடிவத்தில் தட்டையாகத் தெரிந்த இடத்தை எல்லாம் எடுக்கும் பழக்கம். ஓட்டிப் பார்த்தால் மனப்பாடமாக ஒப்பிப்பது மாதிரி இருந்தது, அவர் சொன்னதிலேயே எனக்கு நம்பிக்கை வரவில்லை. எடுத்ததில் 50 ஃபிரேமைத் திருப்பி வைத்தேன், 25 ஃபிரேம் கணக்கில் 2 விநாடி. அதற்கு முன் அவர் ஆண்டுகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போன மூன்று வாக்கியங்களை எடுத்தேன். அதிலிருந்த செய்தி முழுவதும் அந்த 2 விநாடிக்குள் தொக்கி நின்றது.

சரி, புழக்கத்துக்கு வருவோம். சினிமாவுக்குப் படத்தொகுப்பு, செய்கிறவர் படத்தொகுப்பாளர். "படம்" என்பதன் மகரம் போய் "த்" வரும், எனவே "படதொகுப்பு" என்று ஒற்று இல்லாமல் போடாதீர்கள், முன்னோட்டங்களிலும் தலைப்பு அட்டைகளிலும் இந்தப் பிழை அடிக்கடி கண்ணில் படுகிறது. வீடியோவுக்குக் காணொளித் தொகுப்பு. இங்கே காணொளியா காணொலியா என்று பெரிய சண்டை உண்டு. காண் + ஒளி என்பது ஒரு பக்கம், காண்பதும் ஒலியும் சேர்ந்தது என்பது இன்னொரு பக்கம். நிகழ்படம், விழியம் என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். வீடியோ என்பதற்கு லத்தீனில் "காண்கிறேன்" என்றுதான் பொருள், எனவே "காண்" உள்ள எதுவும் எனக்குச் சம்மதம். பரவலாக இருப்பதால் நான் காணொளி என்றே எழுதுகிறேன்.

"தொகுப்பாளர்" என்று மட்டும் போட்டால் குழப்பம் வரும், தொலைக்காட்சியில் மைக் பிடித்து நிகழ்ச்சி நடத்துகிறவரையும் அப்படித்தான் சொல்கிறோம். முன்னால் படம் அல்லது காணொளி என்று சேர்த்துவிடுங்கள். எடிட் என்று வருகிற எல்லா இடத்திலும் தொகு போடுவதும் சரியில்லை. விக்கிப்பீடியாவில் "தொகு" என்ற இணைப்பு நிலைத்துவிட்டது, ஆனால் அங்கே பெரும்பாலும் நடப்பது திருத்தம். கட்டுரையை எடிட் செய்வது செப்பம் செய்வது, புகைப்படத்தை எடிட் செய்வது திருத்துவது, பத்திரிகை எடிட்டர் ஆசிரியர். துண்டுகளைச் சேர்த்து ஒன்றாக்கும் வேலை இருந்தால்தான் தொகுப்பு. பாட்டுக்கு ஏற்ற மாதிரி காட்சிகளைக் கோத்துப் பசங்க போடும் "எடிட்ஸ்" இருக்கிறதே, அது சுத்தமான தொகுப்புதான்.

கட் என்பதைத் தூக்கிவிடச் சொல்லவில்லை. இரண்டு ஷாட்டுக்கு நடுவில் உள்ள அந்தப் புள்ளிக்கு வெட்டு பொருத்தமான பெயர். ஒரு ஷாட் மங்கி அடுத்ததாக மாறும் டிசால்வுக்குக் கரைவு நன்றாக ஒட்டுகிறது, டைம்லைனுக்குக் காலக்கோடு. தொகுத்ததை மென்பொருள் முழுப் படமாக உருவாக்கித் தரும் ரெண்டர் என்பதற்கு இதுவரை கண்ட தமிழ்ச் சொல் எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை, ரெண்டர் என்றே இருக்கட்டும். முதல் சுற்றில் தோராயமாகக் கோத்துப் பார்க்கும் ரஃப் கட்டுக்கு மட்டும் ஒரு யோசனை இருக்கிறது: முதற்கோவை. நித்திலக்கோவையில் இருக்கும் அதே கோவை. எங்கள் கோப்புறைகளில் இப்போது "முதற்கோவை 1", "முதற்கோவை 2" என்றுதான் பெயர் வைக்கிறோம், இரண்டு வாரத்தில் பழகிவிட்டது.