விரிசல் விட்ட ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: பற்றவைப்பதா, மாற்றுவதா?

சென்ற கோடையில் ஒரு மதிய வேளை, குவாரியில் ஓடும் பழைய டிப்பர் ஒன்றை இன்னொரு லாரியில் சங்கிலி போட்டு இழுத்து வந்து எங்கள் பட்டறை வாசலில் விட்டார்கள். வேலூர் வெயிலைப் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாக்கை விரித்து வண்டியின் அடியில் படுத்தபோது தரையின் சூடு சாக்கையும் சட்டையையும் தாண்டி முதுகில் ஏறியது. இன்ஜினோடு கியர்பாக்ஸ் சேரும் இடத்தில், இன்ஜினின் சுற்றை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் கன்வெர்ட்டரை மூடியிருக்கும் அலுமினியக் கூட்டின் கீழ்ப்பகுதியில், ஒரு போல்ட் துளையிலிருந்து கிளம்பிய விரிசல் விரல் நீளத்துக்கு மேலேறியிருந்தது. "மேஸ்திரி, ஆர்கான்ல பத்த வச்சிக் குடுத்துடுங்க, நாளைக்கு லோடு இருக்குது" என்றார் வண்டி முதலாளி.

அந்த நேரத்தில் விரிசலைக் காட்டிலும் என்னைக் கவலைப்படுத்தியது சங்கிலிதான். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் எண்ணெயை எல்லா இடத்துக்கும் அனுப்பும் பம்ப், கன்வெர்ட்டர் வழியாக இன்ஜினால் சுற்றப்படுகிறது. இன்ஜின் நின்றிருக்கும்போது வண்டியை இழுத்தால் சக்கரம் சுற்றும், அதோடு, கியர்பாக்ஸையும் பின் ஆக்சிலையும் இணைக்கும் ஜாயின்ட் தண்டும் கியர்பாக்ஸின் பின்பாதியும் சுற்றும். ஆனால் பம்ப் சுற்றாது. நியூட்ரலில் போட்டிருந்தாலும் நிலைமை இதேதான். புஷ், பேரிங், கிளட்ச் பிளேட் எல்லாம் சொட்டு எண்ணெய் இல்லாமல் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே வரும். எனவே ஆட்டோமேட்டிக் வண்டி வழியில் நின்றுவிட்டால் முதலில் ஜாயின்ட் தண்டைக் கழற்ற வேண்டும், அல்லது பின் ஆக்சில் தண்டுகளை உருவ வேண்டும், அல்லது இயக்கும் சக்கரங்களைத் தூக்கிக் கட்டி இழுக்க வேண்டும். சாதாரண கியர்பாக்ஸ் வண்டிகளை இழுத்தே பழகியவர்களுக்கு இந்த எண்ணம் வருவதில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, ஏனென்றால் நம் மாவட்டத்து லாரிகளில் பெரும்பாலானவை இன்றும் கையால் கியர் போடும் வண்டிகள்தான்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். கிளட்ச் பெடல் இல்லாத எல்லா வண்டியையும் ஆட்டோமேட்டிக் என்றே அழைக்கிறோம். ஆனால் ஏ.எம்.டி. என்பது உள்ளே சாதாரண கியர்பாக்ஸ்தான். அதில் கிளட்சை மிதிக்கும் வேலையையும் கியர் மாற்றும் வேலையையும் காற்றாலோ மின்சாரத்தாலோ இயங்கும் கருவிகள் செய்கின்றன. அதன் கேஸில், அதாவது வெளிக்கூட்டில், உள்ள விரிசலைப் பார்க்கும் முறை நாம் காலங்காலமாகச் செய்துவருவதுதான். உண்மையான ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச் பிளேட்டுக்குப் பதிலாக டார்க் கன்வெர்ட்டர் இருக்கும். உள்ளே கோள் கியர்களும், எண்ணெய் அழுத்தத்தால் பிடிக்கும் பல கிளட்ச் தொகுதிகளும், அந்த அழுத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் வால்வ் பாடியும் இருக்கும். ஆலிசன் நிறுவனத்துக்கு ஒரகடத்திலேயே தொழிற்சாலை இருப்பதால் இந்த வகைப் பெட்டிகள் நமக்கு அன்னியமானவை அல்ல. சுரங்க டிப்பர்களிலும் தீயணைப்பு வண்டிகளிலும் பார்க்கலாம். சுரங்க வேலையிலிருந்து கழித்துக் கட்டிய வண்டிகள் கைமாறி நம் பக்கத்துக் குவாரிகளுக்கு வரும்போது, கூடவே இந்தப் பெட்டிகளும் வந்துவிடுகின்றன. இதில் கேஸ் என்பது வெறும் மூடி அல்ல. அதன் சுவருக்குள்ளேயே எண்ணெய் ஓடும் வழிகள் குடையப்பட்டிருக்கின்றன. ஆகவே விரிசல் எங்கே இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

அதற்கும் முன்னால், ஒழுகுவது விரிசலா என்பதையே உறுதி செய்துகொள்ள வேண்டும். ஓடும் வண்டியில் காற்று எண்ணெயைப் பின்னோக்கித் தள்ளுவதால், முன்பக்க சீலில் கசிந்த எண்ணெய் பின்பக்கக் கூட்டில் சொட்டி நிற்கும். கறுப்பாக, டீசல் வாடையோடு இருந்தால் அது பெரும்பாலும் இன்ஜின் பின் சீல். சிவப்பாகவோ, பழையதாகி அரக்குப் பழுப்பாகவோ இருந்தால் கியர்பாக்ஸ் எண்ணெய். கூட்டை டீசலாலும் பிறகு சோப்புத் தண்ணீராலும் கழுவி, காற்றடித்து உலர்த்திய பின், எங்கள் பட்டறையில் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைத் தூவுவோம். இன்ஜினை ஓடவிட்டு கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால், சீல் கசிவு வட்டமாகப் பரவியிருக்கும். விரிசலோ பென்சிலால் கோடு போட்டதுபோல வெள்ளைப் பொடியில் மெல்லிய கீற்றாக எழுந்து நிற்கும். (ஒருமுறை பவுடர் தீர்ந்துபோய், சாமி படத்தருகே இருந்த திருநீற்றைத் தூவிய பையனை நான் திட்டவில்லை, வேலை நன்றாகவே நடந்தது.) பெட்டியைக் கழற்றிய பின், சிவப்புச் சாயமும் வெள்ளை மேற்பூச்சும் கொண்ட ஸ்பிரே டப்பாக்களால் சோதித்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசலின் வால் எங்கே முடிகிறது என்பதும் தெரிந்துவிடும்.

அலுமினியக் கேஸ் காரணம் இல்லாமல் விரிசல் விடுவதில்லை. இதை ஒரு வாடிக்கையாளரின் பணத்தைச் செலவழித்துத்தான் நான் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில், அவசரம் என்று கேட்டதற்காக ஒரு வண்டியின் முன்கூட்டை, அதாவது கன்வெர்ட்டரை மூடும் கூட்டை, கழற்றிப் பற்றவைத்து மாட்டிக் கொடுத்தேன். வெல்டிங் கோடு பார்க்கக் கண்ணுக்கு அழகாக இருந்தது. இரண்டு மாதம் ஆவதற்குள் அதே வண்டி திரும்ப வந்தது. நான் வைத்த கோடு அப்படியே இருக்க, அதற்கு ஒரு விரற்கடை தள்ளிப் புதிய விரிசல். கியர்பாக்ஸின் பின்பக்கத்தைத் தாங்கும் ரப்பர் கிழிந்து, பெட்டியின் மொத்த எடையும் முன்கூட்டின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். 200 கிலோவுக்கு மேல் எடையுள்ள பெட்டி குண்டும் குழியுமான குவாரிப் பாதையில் தொங்கி ஆடினால், எந்த வெல்டிங்கும் நிற்காது.

அதனால் இப்போது விரிசலைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டு மற்றவற்றைத்தான் முதலில் பார்க்கிறேன். இன்ஜின் மவுண்டிங் ரப்பரும் பின் தாங்கியும் உட்கார்ந்துவிட்டனவா, ஜாயின்ட் கிராஸில் ஆட்டம் உண்டா, சென்டர் பேரிங் தளர்ந்திருக்கிறதா, தண்டை எப்போதோ வெட்டி நீளம் மாற்றி பேலன்ஸ் செய்யாமல் விட்டிருக்கிறார்களா, கூட்டையும் இன்ஜினையும் நேர்க்கோட்டில் நிறுத்தும் டவல் பின்கள் இரண்டும் இருக்கின்றனவா என்று வரிசையாகப் பார்ப்பேன். எண்ணெய்த் தட்டில் ஜாக்கி வைத்துத் தூக்கியதால் விளிம்பு விரிந்த வண்டிகள் உண்டு. எண்ணெயைக் குளிரவைக்கும் கூலர் குழாயின் கூம்பு மரைப் பொருத்தியை, ஒழுகுகிறதே என்று மேலும் மேலும் முறுக்கியதால் துளை வாயே பிளந்த வண்டிகளும் உண்டு. உள்ளே ஏதாவது உடைந்து, அந்தத் துண்டு கேஸை உள்ளிருந்து இடித்த விரிசல் இவை எல்லாவற்றையும் விட மோசமானது. அதில் வெளிக்காயத்தை மட்டும் ஆற்றுவதில் பொருள் இல்லை.

உடைந்த விளிம்பே பல நேரங்களில் நடந்ததைச் சொல்லிவிடும். அந்த டிப்பரின் கூட்டில் போல்ட் காது பெயர்ந்து என் கையோடு வந்தது. முறிந்த முகத்தைத் துடைத்து வெளிச்சத்தில் காட்டினேன்: முக்கால்வாசி கறுத்து, எண்ணெயும் தூசியும் ஊறிப்போயிருந்தது, கடைசி ஒரு ஓரம் மட்டும் புதிதாக உடைத்த கல்போலச் சாம்பல் நிறத்தில் மின்னியது. அதாவது இந்த விரிசல் நேற்று வந்ததல்ல. பல மாதங்களாக மெல்ல ஊர்ந்து, நேற்றுதான் முடிந்திருக்கிறது. இன்ஜின் பக்கம் பார்த்தால் ஒரு டவல் பின்னைக் காணோம். அது இருந்த துளை முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தது. முன்பு ஒருமுறை முன் சீல் மாற்றுவதற்காகப் பெட்டியை வேறு ஓரிடத்தில் இறக்கி ஏற்றியதாக ஓட்டுநர் சொன்னார். டவல் பின் விழுந்ததை அங்கே யாரும் பார்க்கவில்லை போலும். இப்படிப்பட்ட துண்டுகளை ஓட்டுநர்கள் வழியிலேயே வீசிவிடுகிறார்கள். தயவுசெய்து ஒரு பையில் போட்டு மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

இனி, பற்றவைப்பதா மாற்றுவதா என்பதற்கு வருகிறேன். முன்கூட்டின் காதுகள், பின்கூட்டின் வெளி விளிம்பு, எண்ணெய் அழுத்தம் இல்லாத வெளிச்சுவர் ஆகிய இடங்களில் உள்ள விரிசலைத் தகுந்த ஆளிடம் பற்றவைக்கலாம். வால்வ் பாடி உட்காரும் தளம், பம்ப் உட்காரும் முகம், பேரிங் துளை, கிளட்ச் தொகுதிகளைப் பிடிக்கும் உட்புறப் பள்ளங்கள் ஆகியவற்றின் அருகே விரிசல் இருந்தால், எவ்வளவு கைதேர்ந்தவர் செய்தாலும் நான் சம்மதிப்பதில்லை. வெல்டிங் சூட்டில் அந்தத் தளம் தலைமுடி அளவு வளைந்தாலே போதும். எண்ணெய் ஒரு வழியிலிருந்து இன்னொன்றுக்குக் கசிந்து, கியர் பிடிக்காமல் வழுக்கி, சில நாட்களில் கிளட்ச் பிளேட்டுகள் கருகிவிடும். எம்-சீல், அரால்டைட் போன்ற பசைகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரே பதில்: வழியில் நின்ற வண்டியைப் பட்டறை வரை கொண்டுவர உதவினால் அதுவே பெரிது.

பற்றவைப்பதிலும் உழைப்பு பெரும்பாலும் வெல்டிங்குக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். பல வருடம் எண்ணெயில் ஊறிய வார்ப்பு அலுமினியம் பஞ்சுபோல எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும். நன்றாகக் கழுவி, மிதமாகச் சூடேற்றி, ஊறி வெளிவருவதைத் துடைத்து, மீண்டும் சூடேற்ற வேண்டும். இதைச் செய்யாமல் பற்றவைத்தால் உலோகம் கொதித்து, கோடு முழுக்கச் சிறு சிறு துளைகளாக நிற்கும். விரிசலின் இரு முனைகளிலும் சிறு துளையிட்டு, அது மேலும் ஓடாமல் நிறுத்திவிட்டு, பிறகு வி வடிவில் தோண்ட வேண்டும். தூய அலுமினியமே 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். இரும்பைப்போலச் சிவந்து எச்சரிக்கை கொடுக்காமல் திடீரென்று கீழே ஒழுகும். முடிந்த பின் தண்ணீர் ஊற்றாமல், காற்றில் வைக்காமல், போர்த்தி மெதுவாக ஆறவிட்டு, விளிம்பில் நேர்ச்சட்டம் வைத்து, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜால் சோதித்து, தேவைப்பட்டால் லேத்தில் முகத்தைச் சமமாகச் சீவ வேண்டும். பெட்டியைக் கழற்றாமல் வண்டியிலேயே வைத்துப் பற்றவைக்கச் சொல்பவர்கள், கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் ஒன்று இருப்பதை மறந்துவிடுகிறார்கள். வண்டியில் எங்கே வெல்டிங் செய்தாலும், அது பாடி வேலையாகவே இருந்தாலும், முதலில் பேட்டரியையும் கம்ப்யூட்டர் இணைப்புகளையும் கழற்றிவிட வேண்டும்.

பழைய பெட்டி வாங்கி மாற்றுபவர்கள் பார்ப்பதற்கு ஒன்றுபோல இருப்பதை நம்பக் கூடாது. சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய பெட்டியின் பெயர்ப்பலகையில் உள்ள மாடல் எண்ணும், கியர் விகிதமும், டிப்பர் பம்ப்பை மாட்டும் பி.டி.ஓ. வாயும், பின் ஃபிளாஞ்சும் நம் வண்டிக்குப் பொருந்த வேண்டும். கம்ப்யூட்டரும் அந்தப் பெட்டியை ஏற்க வேண்டும். இதைவிட அதிகம் மறக்கப்படுவது கூலர். பழைய பெட்டி அரைத்துத் தள்ளிய உலோகத் துகள்கள் கூலருக்குள் தங்கியிருக்கும். அதைச் சுத்தம் செய்யாமலோ மாற்றாமலோ விட்டால், முதல் நாளே அந்தத் துகள்கள் புதுப் பெட்டிக்குள் திரும்பிவிடும்.

ஏற்றும்போது ஒரே ஓர் இடத்தில் நிதானம் தேவை. கன்வெர்ட்டரைப் பம்ப்பின் பற்களில் முழுதாக உட்காரவைக்க, அதை உள்ளே அழுத்தியபடி மெதுவாகச் சுற்ற வேண்டும். தண்டிலும் பம்ப்பிலும் அது படிப்படியாக இறங்குவதைக் கையே உணரும். கூட்டை இன்ஜினோடு சேர்த்தபின், போல்ட்டுகளை முறுக்குவதற்கு முன், கன்வெர்ட்டர் கையால் தடையில்லாமல் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். சுற்றவில்லை என்றால் அது உள்ளே உட்காரவில்லை. அந்த நிலையில் ஸ்பேனரின் பலத்தால் கூட்டை இழுத்து ஒட்டவைத்தால், பம்ப் உடையும், சில நேரம் கூடும் சேர்ந்து விரியும். இப்படி உடைந்து வரும் பெட்டிகளில் குற்றம் பெட்டியுடையதல்ல, மெக்கானிக்குடையது.

அந்த டிப்பருக்கு நான் பற்றவைக்கவும் இல்லை, முழுப் பெட்டியை மாற்றவும் இல்லை. அந்த வகையில் முன்கூடு தனியாகக் கழலக்கூடியது என்பதால், நல்ல நிலையிலிருந்த பழைய கூடு ஒன்றைத் தேடிப் பிடித்து, இன்ஜின் பக்கத் துளையை லேத்தில் சரிசெய்து, புதிய டவல் பின்கள் போட்டு மாட்டினோம். ஆனால் சங்கிலி என் மனதில் உறுத்தியதால் பின்பாதியையும் பிரித்துப் பார்த்தேன். பின் தண்டின் புஷ் நீலம் பூத்துக் கருகியிருந்தது. அதற்கடுத்த பேரிங்கும் போயிருந்தது. முதலாளிக்குக் கொடுத்த பில்லில், விரிசலுக்கு ஆன தொகையை விட, குவாரியிலிருந்து இழுத்து வந்ததில் கெட்டவற்றுக்கு ஆன தொகை அதிகமாக இருந்தது. இப்போது அந்த வண்டியின் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில், ஜாயின்ட் போல்ட்டுக்கு ஏற்ற ஸ்பேனர் இரண்டு ஒரு துணியில் சுற்றிக் கிடக்கின்றன.