பல்லில் ஒட்டியிருந்த நீலம்

இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சுக்குப் பக்கத்தில் 2002இல் ஒரு கல்லறை கிடைத்தது. சுமார் 4,300 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட ஓர் ஆண். கூடவே அம்பு முனைகள், செப்புக் கத்திகள், சிறு தங்க நகைகள். எல்லாருக்கும் தங்கத்தின் மேல்தான் கண். ஆனால் அந்த மனிதன் எங்கிருந்து வந்தவன் என்று சொன்னது தங்கமில்லை, அவன் பல்.

எலும்பு வாழ்நாள் முழுக்கத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். பல்லின் எனாமல் அப்படியில்லை. சிறுவயதில் உருவானதோடு சரி. அப்போது குடித்த தண்ணீரின் ஆக்சிஜன் அதற்குள்ளேயே தங்கிவிடும். ஆக்சிஜனில் கனமானது, லேசானது என்று வகைகள் உண்டு. குளிர்ப் பகுதிகளின் மழையில் கனமானது குறைவு. எனாமலில் இந்த விகிதத்தை அளந்தபோது, அவன் ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் வளர்ந்திருக்கலாம் என்று தெரிந்தது.

எனாமல் பிள்ளைப்பருவத்தோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகான கதைக்குப் பற்காரை இருக்கிறது. ஆம், பல் மருத்துவர் சுரண்டி எடுப்பாரே, அதேதான். பல்லின் மேல் படியும் பாக்டீரியாப் படலத்தை எச்சிலில் இருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் கல்லாக இறுக்கிவிடும். வாய்க்குள் போன மாவுத்துகள், மகரந்தம், அடுப்புக்கரி எல்லாம் அதில் சிக்கிக்கொள்ளும். ஆயிரம் வருடம் ஆனாலும் அசையாது.

ஜெர்மனியில் டால்ஹைம் என்ற ஊரில் ஒரு பெண் துறவியர் மடம் இருந்தது. அங்கே 11-12ஆம் நூற்றாண்டு வாக்கில் புதைக்கப்பட்ட ஒரு பெண்ணின் பற்காரையை, அவர் என்ன சாப்பிட்டார் என்று பார்ப்பதற்காக ஆய்வாளர்கள் நீர்த்த அமிலத்தில் கரைத்தார்கள். நுண்ணோக்கியில் தெரிந்ததோ, நூற்றுக்கும் மேற்பட்ட நீலத் துகள்கள்! சோதித்தால், லாபிஸ் லாசுலி என்ற நீலக்கல்லின் தூள். அந்தக் காலத்தில் ஐரோப்பாவுக்கு அது ஆப்கானிஸ்தானிலிருந்துதான் வர வேண்டும். விலையோ தங்கத்துக்கு நிகர். கைதேர்ந்த ஓவியர்களை நம்பித்தான் கொடுப்பார்கள்.

அது எப்படி இவர் வாய்க்குள் போனது? மருந்தாகச் சாப்பிட்டாரா, சித்திரத்தை முத்தமிட்டாரா என்றெல்லாம் யோசித்துப் பார்த்தார்கள். ஆனால் துகள்கள் மொத்தமாக ஒரே இடத்தில் இல்லை, காரையில் ஆங்காங்கே பரவிக் கிடந்தன. அப்படியென்றால் ஒரு நாள் சமாசாரம் இல்லை. தூரிகை நுனியைக் கூராக்க அடிக்கடி உதட்டில் வைத்து ஈரப்படுத்தியிருக்கிறார் என்பதே பொருத்தமான விளக்கம். நூல்களுக்குச் சித்திரம் தீட்டியவர்கள் ஆண் துறவிகளே என்று வெகுகாலம் எழுதிவந்தோம். பெண்கள் பெரும்பாலும் பெயர் போட்டுக்கொள்ளாததும் அதற்கு ஒரு காரணம். 2019இல் இந்த ஆய்வு வெளியானது.

மடம் 14ஆம் நூற்றாண்டில் எரிந்துபோனது. அங்கிருந்த நூல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவர் எழுதிய பக்கம் எதுவும் நம்மிடம் இல்லை. தூரிகையிலிருந்து உதட்டுக்கு வந்த நீலம் மட்டும் இருக்கிறது.